கழுவிய குழாய்கள்

இருபது நிமிடம் முடிந்ததும் ஜெபமலர் கண்ணாடிக் குழாயை மெல்லச் சாய்த்தாள். இரத்தம் வாய் வரைக்கும் ஓடி வந்தது. நிமிர்த்தினாள். திரும்ப அடிக்குப் போனது.

உறைந்த இரத்தம் இப்படி ஓடாது. அடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நகராது. முப்பது வருடமாக இந்தச் சோதனையைச் செய்து வருபவள் அவள். புதுக் கண்ணாடிக் குழாய், இரண்டு மில்லி இரத்தம், ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம், ஒரே ஒரு சாய்ப்பு. பாம்புக்கடிக்கு இதைவிட எளிய வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கூட வந்த சீட்டை இன்னொரு தடவை படித்தாள். உச்சிமாகாளி, ஆண், நாற்பத்தொன்று. லோடு ஆட்டோ. தலைக்காயம். வாழைத்தோட்டத்துக்குள் கிடந்தார். பாம்பு?

அந்தக் கேள்விக்குறியை ஆம்புலன்ஸ்காரர் போட்டிருந்தார். அது இல்லையென்றால் இந்த இரத்தம் லேபுக்கே வந்திருக்காது. நாற்கரச் சாலையோரத்து அந்த விபத்துச் சிகிச்சை மையத்தில், தலையில் அடிபட்டவர்களின் இரத்தத்தை லேபில் பார்ப்பது நின்று பதினான்கு மாதமாகிறது. இப்போது அதைக் கங்காணி பார்க்கிறது.

அரசாணையில் அதற்கு வேறு பெயர். 'குருதி உறைவு மேலாண்மை அமைப்பு' என்று நீளமாக எழுதியிருக்கும். ஆனால் கட்டில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி இருந்ததால், வந்த முதல் வாரத்திலேயே கங்காணி என்று ஆகிவிட்டது. நோயாளியின் கழுத்து இரத்தக் குழாயிலிருந்து ஒரு நூல் குழாய் அதற்குள் போகும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும். எங்கே எவ்வளவு உறைய வேண்டும் என்று கணக்குப் போட்டு, செயற்கைத் தட்டணுக்களை உள்ளே அனுப்பும். அந்தத் தட்டணுக்கள் கிழிந்த இடத்தில் மட்டும் போய் அடைக்கும். நல்ல இடத்தில் ஒட்டாது. தட்டணுப் பைகள் இருக்கும் குளிர்ப்பெட்டி கங்காணி சொன்னால்தான் திறக்கும்.

ஜெபமலர் குழாயைக் கையில் பிடித்தபடியே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். காலை எட்டேகால் மணி. டாக்டர் திருமலைக்கொழுந்து இரண்டாம் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது. தலையில் பாதி நரைத்திருந்தது.

“சார், ரெண்டாம் பெட்டு ரத்தம் உறையல.”

“பாம்பாக்கா? நானும் மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். பல்தடம் இல்ல, வீக்கம் இல்ல. பின்னால வந்த பஸ் டிரைவர் போன்ல சொல்லிட்டார். லாரியோட சைடு கண்ணாடி இவர் தலையில அடிச்சிருக்கு. வண்டி வாழைக்குள்ள கவுந்துட்டு. பாம்பெல்லாம் இல்ல.”

“அப்ப தலைக்காயத்தாலதான் உறையல.”

“கங்காணி அப்படிச் சொல்லலியே.”

அவர் கையால் காட்டினார். கங்காணியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே ஒரே வரி: நடவடிக்கை தேவையில்லை.

“சார், இதப் பாருங்க.” குழாயைச் சாய்த்துக் காட்டினாள்.

கொழுந்து பார்த்தார். சிரித்தார்.

“அது நிமிஷத்துக்கு ஒரு தடவ ரத்தத்த ருசி பாக்குது. நீங்க குழாயைச் சாய்ச்சுக்கிட்டு வந்து நிக்கீங்க. சோப்புத்தூள் போட்டுக் கழுவின குழாயா இருக்கப் போவுது, போங்க.”

லேப்காரர்களை டாக்டர்கள் கிண்டல் செய்யும் சாதாரணப் பேச்சுதான் அது. சோப்புத்தூள் பட்ட கண்ணாடியில் நல்ல இரத்தமும் உறையாது. அதனால்தான் எப்போதும் புதுக் குழாய். ஜெபமலர் குழாயைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“புதுக் குழாய் சார். பாக்கெட்டு பிரிச்சு எடுத்தேன்.”

“எதுக்கும் இன்னொண்ணு போட்டுப் பாருங்க.”

இன்னொன்று என்றால் இன்னும் இருபது நிமிடம். அவள் இரத்தம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் உச்சிமாகாளியின் மனைவி வடிவு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கணவனின் செருப்பு ஒற்றையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். இன்னொன்று தோட்டத்தில் கிடக்கிறதாம். பின்னால் வந்த கொழுந்தை அவள் விடவில்லை.

“டாக்டரய்யா, மண்டையிலல்லா அடி? ரத்தத்துல என்ன கோளாறு? அது வேற, இது வேறல்லா?”

“இல்லம்மா. மூளைக்குள்ள ஒரு சரக்கு இருக்கு. அது ரத்தத்துல கலக்கவே கூடாது. மண்டை ஒடஞ்சா கலந்துரும். ஒடனே ரத்தம், ஒடம்பு பூரா காயம்னு பதறிப்போயி, காயமே இல்லாத எடத்துலயெல்லாம் உறையப் பாக்கும். அடைக்கிற பொருளு அங்கயே தீந்துரும். நெசமாவே கிழிஞ்ச எடத்துக்கு வரும்போது ஒண்ணும் மிச்சம் இருக்காது. உள்ள கசிஞ்சிக்கிட்டே இருக்கும்.”

வடிவு செருப்புப் பையை மறு கைக்கு மாற்றினாள்.

“எங்க வீட்டாளு மாதிரியே அவுக ரத்தமும்னு சொல்லுங்க. ஊருக்கெல்லாம் ஓடுவாவ. வீட்டுக்கு வரையில வெறுங்கைய வீசிக்கிட்டு வருவாவ.”

கதவு வழியாக உள்ளே நின்ற எந்திரத்தைக் காட்டினாள்.

“இந்த மிஷினு அடைச்சிருமா?”

“தேவைப்பட்டா அடைக்கும்மா. இப்ப பச்சை எரியுது.”

“பச்சைன்னா நல்லதுதான?”

“ஆமா” என்றார் கொழுந்து.

ஜெபமலர் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாவது குழாயைத் தாங்கியில் வைத்து நேரத்தைக் குறித்தாள். பிறகு உட்கார்ந்தாள். ஆறு வருடமாக எதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாளோ அதை நினைத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், வெள்ளத்தில் மாவட்டக் கிடங்கு மூழ்கியது. கண்ணாடிக் குழாய் வரத்து நின்றது. அப்போது இருந்த டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தலைக்காயத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடச் சோதனை செய்து பதிவேட்டில் எழுதச் சொல்லியிருந்தார். அதை வைத்து அவர் மருந்தை மாற்றவில்லை. எழுதி வைத்தால் போதும் என்றார். மிச்சமிருந்த புதுக் குழாய்களை ஜெபமலர் பாம்புக்கடிக்காக ஒதுக்கி வைத்தாள். தலைக்காயத்துக்குப் பழைய குழாய்களைச் சோப்புத்தூள் போட்டுப் பளபளவென்று கழுவி, மொட்டை மாடியில் வெள்ளைத்துணி விரித்துக் காயவைத்தாள். அவ்வளவு சுத்தமாக வேறு யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். ஏழு மாதம். பதிவேட்டில் வரிசையாக எழுதினாள்: உறையவில்லை, உறையவில்லை, உறையவில்லை.

புதுக் குழாய் வந்த அன்று ஆறு பேரில் ஐந்து பேருக்கு உறைந்தது. எவ்வளவு அலசினாலும் சோப்பு முழுதாகப் போகாது என்று அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான். டாக்டர் மாற்றலாகிப் போனார். பக்கங்கள் அப்படியே இருந்தன.

பிறகு கங்காணியைச் செய்தார்கள். அதற்குக் கற்றுக்கொடுக்க நம் சாலைகளில் அடிபட்ட நம் ஆட்களின் விவரம் வேண்டும் என்றார்கள். தென்மாவட்டங்களிலேயே ஒரு நாள்கூட விடாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பதிவேடு ஜெபமலருடையதுதான். பன்னிரண்டு வருடப் பதிவு. மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். கேடயம் வாங்கும் இடத்தில் யார் அதைச் சொல்வார்கள்.

இப்போது கணக்கு நேராக வந்தது. ஏழு மாதம் வரிசையாக உறையாத இரத்தம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதைப் படித்துக் கற்ற எந்திரம் என்ன நினைக்கும்? இந்த ஊர்க்காரர்களுக்கு இரத்தம் உறையாவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே நினைக்கும். உறையாத இரத்தத்தோடு ஒருவர் வந்தால் பச்சை காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது குழாயைச் சாய்த்தாள். ஓடியது.

அவள் திரும்பிப் போனபோது கொழுந்து உச்சிமாகாளியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

“இடது கண்ணுமணி விரிய ஆரம்பிச்சிருச்சுக்கா. உள்ள ரத்தம் கூடுது. ஆனா இது இன்னும் பச்சைதான் காட்டுது.”

“பிளாஸ்மா?”

“ரத்த வங்கிய மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்கல்லா. வந்து சேர ரெண்டரை மணி நேரம். இவருக்கு ஒண்ணரை கெடையாது. ரத்தம் இப்படி ஓடும்போது மண்டையத் தொறக்கவும் முடியாது.”

“மேனுவலுக்குப் போங்க சார். பெட்டியத் தொறங்க.”

“மேனுவலுக்குப் போறதுக்கு ஒரே ஒரு காரணந்தான் எடுத்துக்கிடும். கங்காணிக்குக் கத்துக்கொடுத்த பதிவுல தப்பு இருக்குன்னு, பதிவு எழுதின ஆளே கைநாட்டு வச்சு உறுதிமொழி குடுக்கணும். அப்பக்கூட அந்த மையத்துக்கு மட்டுந்தான், விசாரண முடியுற வரைக்குந்தான். எவன் குடுப்பான்?”

“நான் குடுக்கேன்.”

அவள் நின்றபடியே சொன்னாள். ஏழு மாதம், சோப்புத்தூள், மொட்டை மாடி, வெள்ளைத்துணி. இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டாள். ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்த விஷயம் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே தோன்றியது.

கொழுந்து டார்ச்சை அணைத்தார்.

“கங்காணி வந்தபொறவு பச்சை எரிஞ்சுகிட்டே செத்தவங்க எத்தன பேருன்னு தெரியுமாக்கா?”

“பத்தொம்பது.”

“எல்லாம் பெரிய அடி, எப்படியும் போயிருப்பாங்கன்னு நெனச்சோம்.”

“ஆமா.”

“இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிடுங்க. இது வந்தபொறவு இங்க தலைக்காயத்துல சாவு பாதியாக் கொறஞ்சிருக்கு. இந்த மிஷினு நாப்பது ஊர்ல நிக்கி. நீங்க கைநாட்டு வச்சா நாப்பது ஊர்லயும் கேள்வி வரும். உங்க வேலை போவும். அந்தப் பத்தொம்பது பேரு வீட்டுலயும் உங்க பேரச் சொல்லுவாங்க.”

“சார், அவரு கண்ணப் பாருங்க. என்னைய அப்புறம் பாக்கலாம்.”

அவள் கட்டைவிரலைக் கங்காணியின் கண்ணாடியில் வைத்தாள். பச்சை அணைந்தது. குளிர்ப்பெட்டியின் பூட்டு விலகும் சத்தம் கேட்டது. மஞ்சள் நிறத்தில் நான்கு பைகள் ஏறின. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம் மூன்றாவது குழாயில் நின்றது, கவிழ்த்தபோதும் நகரவில்லை. பத்து மணிக்கு உச்சிமாகாளியின் மண்டையைத் திறந்தார்கள். ஒரு மணிக்கு மூடினார்கள்.

அவர் சாகவில்லை.

மூன்று வாரம் போனது. இந்த மூன்று வாரத்தில் மையத்தில் யாரும் ஜெபமலரை நேருக்கு நேர் எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. சாவுப் பதிவேட்டிலிருந்து பத்தொன்பது பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டாள். எதற்கென்று தெரியாது. ஒருநாள் பஸ்சில் அவள் பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஏழாவது பெயரின் தாய். ஜெபமலரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. “நீங்க அந்த ஆஸ்பத்திரி லேப் அம்மால்லா? எம்புள்ளைக்கு நீங்கள்லாம் எவ்வளவோ பாத்தீங்க” என்று சொல்லிப் பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழத்தை எடுத்து மடியில் வைத்தாள். ஜெபமலர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தாள். பழத்தைச் சாப்பிடவும் முடியவில்லை, தூர எறியவும் முடியவில்லை.

உச்சிமாகாளி பொது வார்டுக்கு வந்திருந்தார். வலது கை விளங்கவில்லை. பேச்சு ஒரே ஒரு வார்த்தையில் நின்றுபோயிருந்தது.

“பேரக் கேட்டா ‘தாரு’ங்காவ. பசிக்குதான்னா ‘தாரு’. நான் யாருன்னு கேட்டேன். அதுக்கும் வாழைத்தாருதான்” என்றாள் வடிவு. அவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே பேசினாள். “முன்னால மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சாவ. இடுப்புதான் போச்சு எனக்கு. ரெண்டு மணிக்கொரு தடவ பெரட்டணும்.”

“கஷ்டந்தாம்மா” என்றாள் ஜெபமலர்.

“நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்கன்னு சிஸ்டர் சொன்னாவ. நல்லா இருங்க.” அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “நெசத்தச் சொல்லணும்னா, சில நாளு உங்கள ஏசவும் செய்யுதேன்.”

ஜெபமலர் தலையை ஆட்டினாள். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது.

விசாரணை அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் சென்னையிலிருந்து வந்தார். பெயர் கார்குழலி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஜெபமலரை உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தார். கதவோரம் கொழுந்து நின்றுகொண்டார். மூன்றாம் படுக்கையை விட்டு வெகுநேரம் வர முடியாது என்றார். காலையில் ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். ஸ்கூட்டர் சக்கரத்தில் சேலை சிக்கி, தலை சாலையின் நடுத்தடுப்பில் மோதியிருந்தது. அவர் இரத்தமும் குழாயில் உறையவில்லை. அவருக்கும் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

“அம்மா, நல்ல செய்திதான் கொண்டுவந்திருக்கேன்” என்றார் கார்குழலி. “உங்க பதிவேட்டக் கங்காணிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஆட்கள் உக்காந்து சரி பார்த்திருக்காங்க. அந்த ஏழு மாசம் மட்டும் ஒரேயடியா மாறி இருக்கேன்னு சந்தேகப்பட்டு, அந்தப் பக்கங்கள மொத்தமா நீக்கிட்டாங்க. அது கங்காணிக்குள்ள போகவே இல்ல. நீங்க யாரையும் சாகடிக்கல.”

ஜெபமலர் பெயர்கள் எழுதிய தாளை மடியில் வைத்து நாலாக மடித்தாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டா விசாரணை முடிஞ்சுது. வேலையில எந்தப் பாதிப்பும் இல்ல. மேனுவலும் மூடிடும், எல்லாம் பழையபடி.”

“மேடம், அப்ப உச்சிமாகாளிக்கு ஏன் பச்சை எரிஞ்சுது?”

கார்குழலி கொழுந்தை ஒரு முறை பார்த்தார்.

“அவருக்கு ரத்தம் உறையலைங்கறது கங்காணிக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்க மிச்சப் பதினொரு வருஷப் பதிவும் ரொம்பச் சரியா இருந்தது. அதுல இருந்து அது நல்லாவே கத்துக்கிட்டுது. இந்த அளவு அடி, இந்த அளவு ரத்தக் கெடுதல் இருந்தா நூறுக்கு எட்டுப் பேருதான் பிழைப்பாங்க. அப்படி ஒருத்தருக்கு நாலு பை, அஞ்சு பை வேணும். நூறுக்கு எழுபது வாய்ப்பு இருக்கறவங்களுக்கு ஒரு பை போதும். மாநிலம் முழுக்க வாரத்துக்கு நூத்தி அறுபது பைதான் தயாராகுது. கணக்குப் போட்டா என்ன வரும், நீங்களே சொல்லுங்க.”

“எட்டு இருந்தா விட்டுரணும்னு சொல்லியிருக்கீங்க.”

“பத்துக்குக் கீழன்னு எல்லை வச்சிருக்கு.”

“பத்தொம்பது பேரும் அப்படித்தானா?”

“ஆமாம்மா.”

“அவங்க வீட்டுல சொன்னீங்களா? உங்க ஆளுக்கு மருந்து இருக்கு, ஆனா குடுக்க மாட்டோம்னு?”

“அது நடைமுறைல இல்ல.”

“டாக்டர்கிட்ட?”

“டாக்டருக்குத் தெரிஞ்சா ஒவ்வொரு கட்டிலுக்கும் சண்டை வரும். யாரு தலையிலயும் அந்தப் பாரம் ஏறக் கூடாதுன்னுதான் இப்படி வச்சிருக்கு. நல்லெண்ணத்துல செஞ்சதுதான்.”

ஜெபமலர் திரும்பிக் கொழுந்தைப் பார்த்தாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாது” என்றார் அவர். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கேக்கவும் இல்ல.”

கார்குழலி குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இந்த மூணு வாரத்துல நீங்க மேனுவல்ல மூணு பேருக்குக் குடுத்திருக்கீங்க. உச்சிமாகாளி பிழைச்சார். இன்னொருத்தர் பிழைச்சார். மூணாவது ஆள் அஞ்சு பை வாங்கிட்டு இறந்துட்டார். அந்த வாரம் மேற்க ஒரு மையத்துல பை தீர்ந்துபோய் ஒருத்தர் இறந்திருக்கார். அவருக்கு நூறுக்கு எழுபத்திரண்டு இருந்தது. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். கங்காணியோட கணக்கு தப்பில்லம்மா.”

“தப்புன்னு நான் சொல்லல.”

அவளுக்குக் கணக்கு நன்றாகப் புரிந்தது. வாழ்நாள் முழுக்க எண்களை எழுதியவள். அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கணக்கு அல்ல. நடைபாதையில் ஒற்றைச் செருப்போடு நின்ற வடிவும், பச்சைன்னா நல்லதுதான என்று அவள் கேட்ட கேள்வியும், அதற்கு ஒரு படித்த மனிதர் ஆமா என்று சொன்ன பதிலும்தான்.

கார்குழலி தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தார்.

ஜெபமலர் பேனாவைத் தொடவில்லை.

“மேடம், அந்த ஏழு மாசம் மட்டும் இல்ல.”

“புரியல.”

“அதுக்கப்புறமும் கழுவியிருக்கேன். முன்னாலயும் கழுவியிருக்கேன். வரத்து கொறையும்போதெல்லாம் கழுவுவேன். புதுசோட கலந்து வச்சிருவேன். அதனாலதான் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது.”

கொழுந்து கதவிலிருந்து முதுகை எடுத்தார். அவருக்குத் தெரியும். காலிக் குழாய்ப் பெட்டிகளில்கூடத் தேதி எழுதி வரிசையாக அடுக்கி வைப்பவள் அவள். ஒரு கலப்பும் நடந்திருக்காது. பன்னிரண்டு வருடத்தில் ஏழு மாதம் தவிர மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி. அந்தப் பதிவேடு ஒன்றுதான் அவள் பெருமை என்று சொல்லிக்கொள்ள வைத்திருந்தது.

“எந்தெந்த மாசம்?” என்றார் கார்குழலி.

“ஞாபகம் இல்ல.”

“தோராயமா?”

“எந்தப் பக்கத்தையும் நம்பாதீங்கன்னு எழுதிக்கிடுங்க.”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? மறுபடி முழுசா விசாரிக்கணும். ஒரு வருஷமாகலாம். அந்த எட்டுங்கற எண்ணே பொய்யாயிடும். பத்தொன்பது பேரும் திரும்ப உங்க கணக்குல வருவாங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தோணுது.”

“தோணலாம் மேடம். பொய்யின்னு எழுதுறதா இருந்தா, எது பொய்யின்னு நீங்கதான் காட்டணும். குழாயெல்லாம் அன்னன்னைக்கே ஒடச்சுக் குப்பையில போயாச்சு.”

கார்குழலி பேனாவைக் கையில் எடுத்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, விசாரணை தொடர்கிறது என்ற கட்டத்தில் டிக் போட்டார். அது முடியும் வரை இங்கே மேனுவல் மூடாது. ஜெபமலர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எப்போதும் போலக் குண்டுகுண்டாக, ஒரு பிசிறில்லாமல்.

மூன்றாம் படுக்கையில் ஆசிரியையின் மூக்கிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் வந்துகொண்டிருந்தது. துடைத்த இடத்தில் மறுபடி வந்தது. ஜெபமலர் கட்டைவிரலை வைத்தாள். குளிர்ப்பெட்டி திறந்தது. உள்ளே ஆறு பைகள் இருந்தன. அடுத்த வண்டி வெள்ளிக்கிழமை வரும்.

கொழுந்து பெட்டியின் முன்னால் நின்றார். பதினான்கு மாதமாக அவர் இப்படி எங்கேயும் நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“நாலு போட்டா ரெண்டுதான் மிச்சம்” என்றார். “இன்னைக்குச் செவ்வாய்.”

“ஆமா.”

“என்ன செய்யட்டும்க்கா?”

“அத நீங்கதான் சொல்லணும் சார்” என்றாள் ஜெபமலர். “அதுக்கு முன்னால அவங்க வீட்டுக்காரர் வெளிய நிக்காரு. உள்ள கூப்பிடுதேன். நூறுக்குப் பத்துகூட இல்லன்னு அவருகிட்ட சொல்லுங்க. பை ஆறு இருக்குன்னும் சொல்லுங்க.”

அவள் போய்க் கதவைத் திறந்தாள்.